பின்னணிச் சத்தத்துக்கு ஒரு விருது

இலங்கையில், லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடர் ஒன்றைப் படம்பிடித்தார்கள். நான் மொழிபெயர்ப்பாளன். படக்குழுவின் ஒலிப்பதிவாளர், நரைத்த தலையை ஒட்ட வெட்டிய, ஒல்லியான வெள்ளைக்காரப் பெண். எதைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பார்.

"கொழுந்து பறித்தபடி எதையாவது பேசட்டும், யாருக்கும் புரியப்போவதில்லை" என்றார் இயக்குநர். அதைக் கொழுந்து பறிக்கும் பெண்களிடம் சொன்னேன்.

கமரா ஓடத் தொடங்கியதும் ஓர் அக்கா பக்கத்தில் நின்றவளிடம் பேசினார்.

"நாம குடியிருக்கிற லயத்துச் செவரு பொளந்து கெடக்கு. அடுத்த மழைக்கு புள்ளைகள எங்க கொண்டு போறது? தொரைகிட்ட சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம்."

தோட்டத்தை நிர்வகிக்கும் துரை என் பின்னாலேயே நின்றிருந்தார். அவர் முகம் இறுகியது. "தம்பி, அத அழிக்கச் சொல்லுங்க. இல்லாட்டி ஷூட்டிங் இதோட நிக்கும்."

அக்காவின் கை கொழுந்திலேயே நின்றுவிட்டது.

ஒலிப்பதிவாளர் கண்ணைத் திறந்து, அக்கா என்ன சொன்னார் என்று என்னைக் கேட்டார். ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் துரையிடம் திரும்பி, "கவலை வேண்டாம், வெறும் பின்னணிச் சத்தம்தான்" என்றார். துரை சமாதானமாகிப் போய்விட்டார்.

போன வருடம், திரைக்குப் பின்னால் உழைப்பவர்களுக்கு பிரிட்டனில் கொடுக்கும் விருது அந்த ஒலிப்பதிவாளருக்குக் கிடைத்தது. விழாவைக் கைபேசியில் பார்த்தேன். அவருடைய வேலைக்கு உதாரணமாக ஒரு காட்சியைப் போட்டார்கள். அதில் இசை இல்லை, நடிகர்களின் வசனம் இல்லை. பனிமூட்டத்துக்குள்ளிருந்து அக்காவின் குரல் மட்டும் வந்தது, ஒரு சொல் குறையாமல்.

ஒரு சொல்லும் புரியாத அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. லயத்துச் சுவர் இன்னும் பிளந்துதான் கிடக்கிறது. மேடையில் அவர், அக்காவின் குரல் வந்ததும் மூடிய கண்ணைக் கைதட்டல் ஓய்ந்த பிறகும் திறக்கவில்லை.