பண்ணைப் பாலத்தில் என்னோடு வந்த பஸ்

எண்பத்து நாலாம் ஆண்டு, சோழகக் காலம். வேலணையிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் போகும் பண்ணைப் பாலத்தில் நடந்தது இது. பாலம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அது கடலுக்கு நடுவே கல்லும் மண்ணும் கொட்டி உயர்த்திய ஒரு நீண்ட றோட்டு. இரண்டு பக்கமும் தண்ணீர். மறைவுக்கு ஒரு மரம் கிடையாது. தெற்கிலிருந்து புறப்படும் சோழகக் காற்றுக்கு அந்த றோட்டில் எதிர்ப்படுகிறவன் தனியாள்.

முந்திய ஆண்டு ஆடிக் கலவரத்தில் கொழும்பில் எங்கள் கடையும் எரிந்தது, காரும் எரிந்தது. மற்றவர்களோடு கப்பலில் வந்திறங்கி மனைவியின் ஊரான வேலணைக்குப் போய்ச் சேர்ந்தபோது, என் சட்டைப் பையில் தப்பியிருந்தது கார் ஓடும் லைசன்ஸ் ஒன்றுதான். பதினெட்டு வயதில் எடுத்தது. காலி வீதியின் நெரிசலிலும் மலைநாட்டு வளைவுகளிலும் மழையிலும் பனிமூட்டத்திலும் கார் ஓடியவன் நான். அந்தத் துண்டை எடுத்து எடுத்துப் பார்ப்பேன். கடல் இருக்கிறது, வள்ளம் இல்லை என்ற மாதிரி இருக்கும்.

ஒரு வருடம் மாமனார் வீட்டுச் சோறு. யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. அதுதான் கூடுதலாகச் சுட்டது. அப்போதுதான் தீவுகளில் உள்ள கூட்டுறவுச் சங்கக் கடைகளைச் சுற்றிப் பார்க்கும் வேலை ஒன்று வந்தது. நயினாதீவு, நெடுந்தீவு என்று கடல் தாண்டிப் போக வேண்டும். காரை வள்ளத்தில் ஏற்ற ஏலாது, மோட்டார் சைக்கிளை ஏற்றலாம். ஆகவே மோட்டார் சைக்கிள் லைசன்ஸ் வேண்டும், அதுவும் அந்த மாதத்துக்குள். இல்லாவிட்டால் வேலை அடுத்த ஆளுக்கு என்று நேரடியாகச் சொல்லிவிட்டார்கள்.

இத்தனை வருடம் கார் ஓடியவனுக்கு இது ஒரு பொருட்டா என்றுதான் நானும் நினைத்தேன். ஒரேயொரு சிக்கல். எனக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது.

கொழும்பில் இது ஒரு குறையாகவே தெரியவில்லை. தீவில் இது கேள்விப்படாத சங்கதி. அங்கே பெண்கள் முன்னால் ஒரு பிள்ளையும் பின்னால் ஒரு கட்டு விறகுமாக எதிர்காற்றில் சைக்கிள் மிதித்துப் போவார்கள். என்னைக் 'கொழும்பார்' என்று கூப்பிட்டு வந்த ஊர், மச்சானின் மோட்டார் சைக்கிளோடு நான் சாட்டிக் கடற்கரை மணலில் விழத் தொடங்கிய பிறகு, கொழும்பார் இன்றைக்கு எந்தப் பக்கம் விழுந்தவர் என்று நலம் விசாரிக்கத் தொடங்கியது.

கார் என் உடம்பை விட்டுப் போகவில்லை. நிற்க நினைத்தால் இடது கால் தானாகக் கிளச்சைத் தேடி மிதிக்கும். அங்கே இருப்பது கியர். வண்டி உறுமிக்கொண்டு ஒரு குதி குதிக்கும். வளைவில் ஹாண்டிலை ஸ்டியரிங் போலத் திருப்புவேன், உடனே மணல் எழுந்து முகத்துக்கு வரும். தன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்று பார்த்த மனைவி ஒருநாள் சொன்னாள்:

"இஞ்சாருங்கோ, நீங்கள் இன்னும் காருக்குள்ளைதான் இருக்கிறியள். திருப்பாதேங்கோ, சாயுங்கோ."

எப்படிச் சாய்வது? சாய்ந்தால் விழத்தானே செய்யும்? நேர் றோட்டில் ஓடப் பழகினேன். சாய மட்டும் உடம்பு மறுத்துவிட்டது.

லைசன்ஸ் சோதனை நாள் வந்தது. காலையிலேயே அரசாங்க அலுவலகமான யாழ்ப்பாணக் கச்சேரிக்குப் போய்ச் சேர வேண்டும். வெயில் ஏற முன்னம் பாலத்தைத் தாண்டிவிடச் சொன்னாள் மனைவி. வெயிலோடுதான் சோழகம் கிளம்பும் என்பது அவளுக்குச் சிறுவயதுப் பாடம். ஆனால் மச்சானின் வண்டி அன்றைக்கென்று பிடிவாதம் பிடித்தது. உதைத்து உதைத்து, பிளக்கைக் கழற்றித் துடைத்து, அது மனம் இரங்கியபோது முற்றம் முழுக்க வெயில் வந்துவிட்டது.

அல்லைப்பிட்டி கழிந்ததும் பனைகள் முடிந்தன. கடல் திறந்தது.

அந்த வழியால் எத்தனையோ தரம் காரில் போயிருக்கிறேன். கண்ணாடிக்குள்ளிருந்து கண்டது கடல் அல்ல என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. உப்பு உதட்டில் வந்து குந்தியது. வெளிச்சம் கீழிருந்தும் மேலிருந்தும் அடித்தது. தண்ணீர் முழுவதும் ஒரே திசையில், ஒரே அவசரத்தில், வெள்ளை வெள்ளையாக நுரைத்து ஓடிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்து பார்த்திருப்பேன் போல, அதற்குள் காற்று என் வலது தோளில் கை வைத்தது. முதலில் தொட்டுப் பார்த்தது. பிறகு தள்ளியது.

வண்டி இடது பக்கம் இழுபட்டது. நான் வலது பக்கம் திருப்பினேன். அது ஆடியது. இன்னும் இறுக்கிப் பிடித்தேன், இன்னும் ஆடியது. றோட்டின் விளிம்பும் அதற்கு அங்கால் கரும்பாசி பிடித்த கற்களும் கற்களுக்கு அங்கால் தண்ணீரும் கிட்டக் கிட்ட வந்தன. நிற்கவும் பயம், போகவும் பயம். திரும்பிப் போனால் வேலை இல்லை.

அந்த நேரம் பின்னால் ஹோர்ன் கேட்டது. ஊர்காவற்றுறையிலிருந்து வரும் காலைப் பஸ்.

முந்திப் போகட்டும் என்று ஒடுங்கினேன். அது முந்தவில்லை. என் வலது பக்கமாக வந்து, என் வேகத்துக்குத் தன் வேகத்தைக் குறைத்து, சுவர் மாதிரி அருகிலேயே நின்று ஓடியது. மிதிபலகையில் தொங்கிய கொண்டக்டர் என்னைப் பார்த்துக் கையை ஆட்டி ஏதோ கத்தினார். எஞ்சின் இரைச்சலில் எனக்குக் கேட்டது ஒரே சொல்: ஒதுங்கு.

நான் ஒதுங்கினேன். பஸ்ஸும் அதே அளவு நெருங்கியது. வேகத்தைக் குறைத்தேன், அதுவும் குறைத்தது. கூட்டினேன், கூட்டியது. கொண்டக்டர் இன்னும் பலமாக அதே சொல்லைக் கத்தினார். இதற்கு மேல் ஒதுங்க இடமில்லை, கடல்தான் இருக்கிறது.

முந்திய ஆடியில் என் காரை ஒரு லொறி இப்படித்தான் பக்கத்தில் வந்து நெருக்கி நிறுத்தியது. அதற்குப் பிறகு நடந்ததை இங்கே எழுதப்போவதில்லை. அந்த லொறியின் நிழல் மறுபடியும் என் மேல் விழுந்த மாதிரி இருந்தது. பயத்துக்குள்ளிருந்து ஒரு பெரிய கோபம் எழும்பி, கொண்டக்டரைப் பார்த்து வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். முன் சில்லு விளிம்பின் சரளைக் கல்லில் ஏறிக் கறகறத்தது.

அப்போது பஸ்ஸின் ஜன்னலொன்றிலிருந்து ஒரு பெண் தலையை நீட்டினார். மடியில் கொப்பிக் கட்டு வைத்திருந்தவர், பள்ளிக்கூட ஆசிரியையாக இருக்க வேண்டும். வகுப்பின் கடைசி வாங்கு வரைக்கும் கேட்கிற குரலில், நிறுத்தி நிறுத்திச் சொன்னார்:

"அண்ணை, விலகிப் போகாதேங்கோ. அவர் ஒதுங்கச் சொல்லேல்லை. ஒதுக்குத் தாறம் எண்டு சொல்லுறார். காத்துக்கு ஒதுக்கு."

கொண்டக்டரும் குனிந்து சொன்னார்: "ஓம், ஒட்டி வாரும். இன்னும் கரைக்குப் போனீரெண்டால் உமக்குக் கடலுக்கைதான் ரிக்கற் எழுத வேணும்."

ஒதுக்கு என்ற அந்தச் சொல் எனக்குத் தெரியாது. வள்ளக்காரரின் சொல் அது. சோழகத்தில் பெரிய வள்ளமொன்று காற்று வரும் பக்கமாகப் போய், சின்ன வள்ளத்தைத் தன் மறைவுக்குள் வைத்துக் கூட்டிக்கொண்டு போவதற்குத் தீவார் ஒதுக்குக் கொடுக்கிறது என்பார்கள். கொழும்பில் வளர்ந்த என் காதில் அது ஒதுங்கு என்று விழுந்திருக்கிறது. காப்பாற்ற வந்த சொல்லைக் கேட்டுத்தான் நான் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கவனித்தேன், என் சட்டை படபடக்கவில்லை. வண்டி ஆடவில்லை. பஸ்ஸுக்கு அந்தப் பக்கம் சோழகம் தகரத்தில் மோதி ஊளையிட்டுக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம், என்னைச் சுற்றி, ஒரு அறை அளவுக்குக் காற்றில்லாத இடம். அந்த அறை என்னோடு கூடவே நகர்ந்து வந்தது.

ஜன்னல்களைப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் முகம். கந்தோர் வேலைக்குப் போகிறவர்கள், பெரியாஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், மீன் கூடைக்காரர்கள். எல்லாருக்கும் நேரம் போய்க்கொண்டிருந்தது. பல்வலியில் கன்னத்தைச் சேர்த்துத் தலைப்பாகை கட்டியிருந்த ஒரு மனிதர், பேச முடியாமல், மெல்ல வா மெல்ல வா என்று எனக்குக் கையால் காட்டினார். அவருக்குத்தானே எல்லாரையும் விட அவசரம்? வேலணை ஆட்கள் சிலர் என்னை அடையாளம் கண்டுவிட்டார்கள். அட, எங்கடை கொழும்பார் என்று ஒரு சிரிப்பு பஸ்ஸுக்குள் முன்னாலிருந்து பின்னால் போனது. பார்க்கிற ஆசையில் அந்தப் பக்கத்துச் சனமும் எழும்பி இந்தப் பக்கம் வர, எல்லாரும் இடத்திலை போய் இருங்கோ, பஸ்தான் அவருக்கு மேலை சாயப்போகுது என்று கொண்டக்டர் ஏசினார்.

பாதி வழியில் எதிரே ஒரு லொறி வந்தது. பஸ் வழிவிட வேண்டும். கொண்டக்டர் மறுபடி குனிந்தார்.

"இப்ப நாங்கள் பின்னாலை போவம். காத்து ஒரேயடியா அடிக்கும். அதோடை மல்லுக்கட்டாதையும். அது வாற பக்கமே சாய்ஞ்சு கொள்ளும்."

பஸ் பின்வாங்கியது. சோழகம் முழு உடம்பாலும் வந்து மோதியது. ஹாண்டிலைத் திருப்ப எழும்பிய கையை எப்படி அடக்கினேன் என்று எனக்குத் தெரியாது. வலது தோளைக் கடலுக்குக் கொடுத்தேன். சாய்ந்தேன். விழுவேன் என்று கண்ணை மூடப் பார்த்தேன்.

விழவில்லை. காற்று என்னைத் தாங்கியது.

எத்தனை தரம் எழுதிப் பார்த்தும் இதைச் சரியாகச் சொல்ல வந்ததில்லை. என்னைத் தள்ளி விழுத்தப் பார்த்த அதே காற்றில் தோளைச் சாய்த்துக்கொண்டு, சரிந்த உடம்போடு நேராகப் போய்க்கொண்டிருந்தேன். கீழே தார், பக்கத்தில் பச்சைத் தண்ணீர், மேலே முழு வானம். பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். பயத்தை விடப் பெரிய ஒன்று நெஞ்சுக்குள் வந்து இடம் கேட்டது, பயம் கொஞ்சம் தள்ளி இருந்தது.

லொறி கடந்ததும் பஸ் திரும்ப என்னருகில் வந்தது. காற்று பட்டென்று அறுந்தது. சாய்ந்தபடியே பஸ்ஸின் மேல் போய் விழப் பார்த்து, ஒரு மாதிரி நிமிர்ந்தேன். ஜன்னல்களில் ஒரு பெருமூச்சு எழுந்தது. யாழ்ப்பாணக் கரை வரும் வரைக்கும் இப்படியே விட்டு, தொட்டு, விட்டு, தொட்டு வந்தோம். எதிரே சைக்கிளில் வந்தவர்கள் இறங்கி ஓரமாக நின்று எங்களுக்கு வழி விட்டார்கள். அவர்களில் ஒருவர்கூட என்ன நடக்கிறது என்று கேட்கவில்லை. பார்த்தவுடனே அவர்களுக்கு விளங்கியிருந்தது.

கரையில் பஸ் ஒருதரம் ஹோர்ன் அடித்துவிட்டு வேகம் எடுத்துப் போய்விட்டது. றைவரின் முகத்தை நான் பார்க்கவேயில்லை. அவர் இருந்தது மற்றப் பக்கம். இடப்பக்கக் கண்ணாடியில் ஒரு நெற்றியும், அதன் கீழ் என்னையே பார்த்துக்கொண்டு வந்த இரண்டு கண்களும் தெரிந்தன. அவ்வளவுதான்.

சோதனை, கச்சேரிக்கு அருகே மரங்கள் சூழ்ந்த ஒரு வெட்டைவெளியில். காற்றே இல்லை. எட்டுப் போடச் சொன்னார்கள். போட்டேன். இறங்கி வந்தபோது பரீட்சகர் என் கார் லைசன்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கார் ஓடின ஆக்கள் இதிலை சாய மாட்டினம், நிமிந்து நிண்டு விழுவினம். நீர் எங்கை பழகினனீர்?"

பாலத்தில், இப்பதான், என்றேன். பகிடி விடுகிறேன் என்று நினைத்து, சிரித்துக்கொண்டே கையெழுத்து வைத்தார்.

வேலை கிடைத்தது. முதல் வேலையாக, ஒரு வாழைப்பழக் குலையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஊர்காவற்றுறைக்குப் போனேன். பஸ் நிற்கும் இடத்தில் அதே கொண்டக்டர் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றார். நன்றி சொன்னேன். அந்த றைவர் யார், அவரைப் பார்க்க வேண்டும் என்றேன். கொண்டக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நினைவுக்குக் கொண்டுவர உண்மையாகவே முயன்றார்.

"எந்த நாள் அண்ணை? சோழகம் துவங்கினால் ஆரோ ஒருத்தருக்கு ஒதுக்குக் குடுத்துக்கொண்டுதானே வாறம். றைவர்மாரும் மாறி மாறித்தான் வருவினம். ஆரெண்டு சொல்ல?"

என் வாழ்க்கையில் ஒருதரம் நடந்த அதிசயம் அவர்களுக்கு அந்தப் பருவத்தின் வழக்கம். அவர் ஒரு பழத்தை உரித்துக்கொண்டு, குலையைத் தூக்கிப் பஸ்ஸுக்குள் இருந்த சனத்திடம் கொடுத்துவிட்டார்.

போர் முற்றி, தீவை விட்டு எல்லாரும் வெளிக்கிட வேண்டிய காலமும் பிறகு வந்தது. எத்தனையோ முறை என்னை விடப் பெரிதான ஒன்று என் பக்கத்தில் வந்து நெருக்கியிருக்கிறது. சில முறை அது அந்த லொறியாகவே இருந்தது. ஆனாலும், திட்டுவதற்கு வாயைத் திறக்க முன்னம், என் சட்டை இன்னும் காற்றில் படபடக்கிறதா என்று ஒருதரம் குனிந்து பார்த்துக்கொள்கிறேன்.