டிக்கெட் பைக்குள்ளேயே இருக்கட்டும்

அந்தக் கேள்விகளில் பாதியை நான்தான் எழுதினேன். அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம். ஜெர்மனியில், பான் நகரில் உளவியல் படித்துக்கொண்டே ஓர் ஆய்வுக் குழுவில் வேலை பார்த்தேன். இனவெறியால் காயப்பட்ட கறுப்பின மக்களின் மனம் எவ்வளவு ஆறியிருக்கிறது என்று அளக்க ஒரு கேள்வித்தொகுப்பு தயாரித்துக்கொண்டிருந்தோம். அது சரியாக அளக்கிறதா என்று பார்க்க, எசன் நகரில் ஒரு கறுப்பினக் கணித ஆசிரியையிடம் போனேன். ஜெர்மனியில் பிறந்தவர், பெற்றோர் கானாக்காரர்கள். ஜெர்மனில்தான் பேசினோம். ஆனால் நினைத்துப் பார்க்கும்போது அவர் குரல் என் வீட்டு யாழ்ப்பாணத் தமிழில்தான் கேட்கிறது.

"யாராவது அவமதித்தால் என்னால் அமைதியாக இருக்க முடிகிறது" என்ற வரிக்கு வந்ததும் வாய்விட்டுச் சிரித்தார்.

"இதுக்குச் சின்ன வயசிலையே எனக்கு முழுப் புள்ளி கிடைச்சிருக்கும். அப்ப நான் வாயே திறக்கிறேல்லை. அது ஆறினதோ? பயம்!"

எனக்குச் சுருக்கென்றது. குழுவே மெச்சிய வரி அது.

"அப்ப எதைத்தான் அளக்கிறது, சொல்லுங்கோ பாப்பம்" என்றேன், எரிச்சலோடுதான்.

"டிராமிலை டிக்கெட்டை எங்கை வைக்கிறனெண்டு கேளும்."

பள்ளி நாட்களில் டிராமில் ஒரு டிக்கெட் பரிசோதகர் மற்ற எல்லோரையும் தாண்டி நேரே இவரிடம் வந்தாராம். தேடி எடுப்பதற்குள் பெட்டியே இவரைக் கள்ளியைப் பார்ப்பதுபோல் பார்த்ததாம். அன்றிலிருந்து இறங்கும்வரை டிக்கெட் கையில்தான்.

"அதைப் பைக்குள்ளை போட்டிட்டு, யன்னலாலை பாத்துக்கொண்டு போக ஏலுமெண்டால், நான் ஆறிட்டன் எண்டு எழுதும்."

பேசி முடித்து, ஸ்டேஷனுக்கு இருவரும் ஒரே டிராமில் ஏறினோம். ஆசிரியை கையிலிருந்த டிக்கெட்டைப் பார்த்தார். பிறகு பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். "பாப்பம்" என்றார்.

அடுத்த தரிப்பில் டிராம் நின்றதுமே ஒரு பரிசோதகர் ஏறினார். கடவுளே, இன்றைக்குத்தானா வரவேண்டும்! நேரே எங்களிடம்தான் வந்தார். ஆசிரியை பையைத் திறந்தார். சாவி, மூக்குக்கண்ணாடிக் கூடு, சீப்பு என்று ஒவ்வொன்றாக மடியில் எடுத்து வைத்தார்.

"கொஞ்சம் பொறுங்கோ" என்றார். பரிசோதகர் பொறுத்தார். டிக்கெட்டைப் பார்த்துவிட்டுப் போனார். எனக்கென்றால் கைதட்டவேண்டும் போலிருந்தது, அவ்வளவு சந்தோஷம்.

ஆசிரியை என் கையைப் பார்த்தார். டிராமில் ஏறியதிலிருந்தே நான் போனில் டிக்கெட்டைத் திறந்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"சரி, எனக்கு ஆறத் துவங்கிட்டுது" என்று சிரித்தார். "உமக்கு எப்ப?"

நான் போனை ஜாக்கெட் பைக்குள் வைத்தேன். இன்னும் மூன்று தரிப்பு இருந்தது.