மாடிக்குப் போன இயற்பியல் பாடம்

இயற்பியலில் பட்டம் வாங்கியவள் நான். ஒன்பதாவது படிக்கும் என் மகளோ, இயற்பியலில் சந்தேகம் என்றால் மாடிக்குப் போகிறாள். மாடியில் இருப்பவள் என் கொழுந்தனாரின் மனைவி. அவள் படித்தது வணிகவியல்.

பூந்தமல்லியில் ஒரே வீட்டில் கீழே நாங்கள், மேலே அவர்கள். விடியும்போதே கம்பெனி பஸ் பிடித்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போய்விடுவேன். மகளை ஸ்கூட்டரில் பள்ளியிலும், சனிக்கிழமைகளில் கணக்கு டியூஷனிலும் விடுவது அவள்தான். பெரிய உதவி என்று எல்லோரிடமும் சொல்வேன். மனசுக்குள் அப்படி இல்லை.

ஒருநாள் மாலை மகள் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். "தொலைவு, இடப்பெயர்ச்சி ரெண்டும் புரிஞ்சிட்ச்சும்மா."

"என்னாண்ட கேக்கக் கூடாதா?"

"நீ டயர்டா இருப்ப. சித்தி ஈஸியா சொல்லிட்டாங்க. நம்ம தெருமுனைக்கு எதுத்தாப்புலதான் ஸ்கூல் கீது. நடுவுல மெயின் ரோடு, அதுல தடுப்பு. யூ டர்ன் வரைக்கும் போய்த் திரும்பி வர்றோம்ல, வண்டி ஓடுன அந்த வழி முழுக்க தொலைவு. இந்தாண்டலேர்ந்து அந்தாண்டைக்கு நேரா ஒரு கோடு போட்டா அது இடப்பெயர்ச்சி."

நல்ல உதாரணம். எனக்குத் தோன்றியிருக்காது. தினமும் என் பெண்ணைப் பின்னால் உட்காரவைத்து அந்த வழியே போகிறவளுக்குத் தோன்றியிருக்கிறது. அதுதான் சுட்டது.

குறை கண்டுபிடிக்கப் பார்த்தேன். "இடப்பெயர்ச்சிக்குத் திசை உண்டு. அத சொன்னாளா?"

"சொன்னாங்களே. நமக்கு தெற்கு."

"சாயங்காலம் ஊட்டுக்கே திரும்பி வந்துட்டா?"

"கெளம்புன எடத்துக்கே வந்துட்டா இடப்பெயர்ச்சி சைபர்."



ஞாயிற்றுக்கிழமை மகளும் அவளும் புத்தகத்தோடு கீழே வந்தார்கள். "அக்கா, வட்டமா கீற பாதையில பாதி சுத்துனா தொலைவு எவ்ளோ, இடப்பெயர்ச்சி எவ்ளோன்னு கேக்குது. எனக்கே கொழம்புது. நீங்கதான் சொல்லணும்," என்றாள் அவள்.

உள்ளுக்குள் எனக்கு ஒரே குளிர்ச்சி. வளையலைக் கழற்றித் தரையில் வைத்தேன். அதன் பாதி வளைவை விரலால் தடவி, "இப்படி சுத்திப் போனது தொலைவு. சுற்றளவுல பாதி," என்றேன். பிறகு குறுக்கே நேராக இழுத்து, "இது இடப்பெயர்ச்சி. வட்டத்தோட விட்டம்," என்றேன்.

மகள் கணக்கைப் போட்டாள். விடை சரியாக வந்தது. நிமிர்ந்தவள் என்னைப் பார்க்கவில்லை.

"சித்தி, உங்களுக்குப் புரிஞ்சிதா?"

"உங்கம்மா சொன்னா புரியாம போவுமா?" என்று சிரித்தாள் அவள். அதில் துளி கள்ளமில்லை. கொஞ்சமாவது பொறாமைப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"மீதிய மேல போய்ப் போடலாம், வாங்க சித்தி."

"இங்கயே போடேன்," என்றேன்.

"கீழ காத்தே வரலம்மா."

படியேறிப் போய்விட்டார்கள்.

இரவு சாப்பிடும்போது, சனிக்கிழமை டியூஷனுக்கு நானே கூட்டிப்போவதாகச் சொன்னேன்.

"உனக்கு வண்டி ஓட்டத் தெரியாதேம்மா."

"பஸ்ல போலாம்."

கொஞ்சம் யோசித்து, "சரி," என்றாள். பெரிய சந்தோஷம் ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் போனோம்.