துரப்பு வாசலில் நல்ல தண்ணீர்

பாறசாலையில் சத்யபாமா மூன்று மண்பானைகளோடு திருவனந்தபுரம் பஸ்ஸில் ஏறியபோது கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடியே நின்றுவிட்டான். மூன்று பானையிலும் கழுத்துவரை தண்ணீர். வாயைத் துணியால் கட்டியிருந்தாள்.

"இது என்னம்மா, தலைநகரத்துல கிணறு இல்லைன்னு யாராவது சொன்னாவளா?"

"உண்டு, இல்லேன்னு யாரு சொன்னா? இது எனக்க வெள்ளமாக்கும். மக்கா, டிரைவர்கிட்ட சொல்லி வண்டிய பைய விடச் சொல்லு. சிந்திரப்பிடாது."

பஸ்ஸே சிரித்தது. அவளுடைய கணவர் தாணுமாலயன் மட்டும் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டார். பக்கத்துக் கொல்லயில் ஊர்க்காரர், பாறசாலைச் சந்தையில் பலசரக்குக் கடை வைத்திருந்த மனிதர். தெற்கே துப்பாக்கிச் சூடு நடந்த வருஷம், தமிழ் பேசும் தாலுகாக்கள் எல்லாம் மதராஸோடு சேர வேண்டும் என்று ஊர்வலம் போய்ப் பிடிபட்டு, பல மாதம் ஜெயிலில் இருந்து, இந்தப் பங்குனியில்தான் வெளியே வந்திருந்தார். கன்னம் ஒட்டி, சட்டை இரண்டு ஆள் அளவுக்குத் தொங்கியது. இந்தப் பயணமே அவருக்காகத்தான். அவர் உள்ளே இருந்தபோது சத்யபாமா எந்தக் கோயிலுக்கும் நேர்ந்துகொள்ளவில்லை. "இவரு வெளிய வந்தா ரெண்டுபேருமா வள்ளத்துல ஏறி வர்க்கலைத் துரப்பு பாத்துட்டு வரணும்" என்று தனக்குத் தானே சொல்லி வைத்திருந்தாள். மலையைக் குடைந்து அதற்குள்ளே கால்வாயை விட்டிருக்கிறார்கள், பகலிலும் விளக்கு வைத்துக்கொண்டுதான் வள்ளம் உள்ளே போகும் என்று சின்ன வயதிலேயே கேட்டிருந்தாள். அதைப் பார்க்காமல் சாவதில்லை என்பது அவளுடைய தீர்மானம்.

பானை விஷயம் வேறு கதை. அவளுக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது திருவிழாவுக்குப் போன இடத்தில் தங்கச்சி கண்ட தண்ணீரைக் குடித்து, வாந்தியும் பேதியுமாகக் கிடந்து செத்துப்போனாள். அன்றிலிருந்து சத்யபாமா காய்ச்சி ஆற்றாத தண்ணீரை வாயில் வைத்ததில்லை. கல்யாண வீட்டில் மோர்கூட வேண்டாம் என்பாள். "பெரிய துரைசாணி" என்று முதுகுக்குப் பின்னால் சொன்னவர்கள் உண்டு. அவள் திரும்பிப் பார்த்ததில்லை.

திருவனந்தபுரத்துப் படகுத்துறையான வள்ளக்கடவில் இறங்கியபோது தாணுமாலயனுக்கு ஒரு அதிர்ச்சி காத்திருந்தது. துறையில் கட்டியிருந்த ஓலைக்கூரை வள்ளத்தில் பக்கத்து வீட்டுக் கிருஷ்ணன்குட்டி குடையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நெய்யாற்றின்கரை கோர்ட்டில் குமாஸ்தா. தாலுகா மலையாளத்தோடுதான் நிற்க வேண்டும் என்று கூட்டம் போட்டுப் பேசியவன். முன்பெல்லாம் இருவரும் ஒன்றாகத்தான் ஆற்றுக்குக் குளிக்கப் போவார்கள். போராட்டம் வந்ததிலிருந்து ஒரு வார்த்தை இல்லை.

ஆண்கள் பேசாமல் இருக்கலாம். இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த கிணறு ஒன்றுதான். ஒரே கப்பியில் தண்ணீர் இறைத்த சத்யபாமாவும் கிருஷ்ணன்குட்டியின் மனைவி கார்த்தியாயினியும் ஒரு நாள்கூடப் பேச்சை விட்டதில்லை. வள்ளத்தை வாடகைக்குப் பேசி வைத்தது கார்த்தியாயினி. வேறு யார் வருகிறார்கள் என்பதை இருவருமே வீட்டில் சொல்லவில்லை.

"பாமா, இது என்ன வேல?" என்றார் தாணுமாலயன்.

"வள்ளத்துக்கு ரெண்டு தலை உண்டுல்லா? நீங்க அந்தத் தலையில இரியுங்க, அவரு இந்தத் தலையில இருக்கட்டு. நடுவுல நாங்க இருக்கோம்."

அப்படியே ஆயிற்று. ஒரு தலையில் தமிழ்ப் பத்திரிகை, மறு தலையில் மலையாளப் பத்திரிகை. நடுவில் இரண்டு பெண்களும் மூன்று பானையும் ஒரு மண்ணடுப்பும். வள்ளக்காரன் குட்டப்பன் தன் உதவியாளோடு சேர்ந்து கழுக்கோலை ஊன்றித் தள்ளிக்கொண்டே, "சேச்சி, வள்ளம் யாத்திரைக்கோ, குளத்தை மாற்றி வைக்கானோ?" என்று கேட்டான்.

சத்யபாமா அதற்கும் சிரித்தாள். அவளுக்கு எல்லாம் புதிதாக இருந்தது. கரையில் தென்னை, அதற்கப்பால் கடலின் இரைச்சல், தலைக்கு மேல் வெள்ளைக் கொக்கு. கடினங்குளம் காயலுக்கு வந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டாள். கயிறு திரிக்கத் தேங்காய் மட்டையை அழுக வைத்து அழுக வைத்துத் தண்ணீர் கறுத்துக் கிடந்தது. அதற்கு மேலே போனால் உப்பு. சுற்றிலும் தண்ணீர், வாயில் வைக்க ஒரு கை இல்லை. அங்கங்கே கரையில் இறங்கி, கிணறுள்ள வீடாகப் பார்த்துக் கேட்டு, காலியான பானையை நிறைத்து வந்தாள். கார்த்தியாயினி அடுப்பை ஊதுவாள். சீரகம் போட்டுக் கொதிக்க வைத்து ஒரு பானையில் ஆற விடுவார்கள். ஆறியது அடுத்த பானைக்கு, அதிலிருந்து குடிக்க. இரண்டு ஆண்களும் பேசாமலே வந்து அதே பானையில் மொண்டு குடித்துவிட்டுத் தத்தம் தலைக்குத் திரும்பினார்கள்.

மறுநாள் வர்க்கலையை நெருங்கியபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. இரண்டு பக்கமும் சிவந்த மண்பாறை சுவராக எழுந்து நின்றது. தொலைவில் கறுப்பாக ஒரு வாய். "அதாக்கும் துரப்பு" என்று குட்டப்பன் காட்டியபோது சத்யபாமா எழுந்தே நின்றுவிட்டாள்.

ஆனால் வள்ளம் நகரவில்லை. முன்னால் வேறு வள்ளங்கள் வரிசையாக நின்றன. கொப்பரை ஏற்றிய பெரிய கெட்டுவள்ளம் ஒன்று துரப்புக்குள்ளே மாட்டிக்கொண்டது என்று முன்னிருந்து செய்தி வந்தது. மேலேயிருந்து கல் சரிந்து அதன் கூரையை அமுக்கியிருக்கிறதாம். சரக்கை இறக்கினால்தான் நகரும். திரும்பிப் போகலாம் என்றால் பின்னாலும் வள்ளங்கள் வந்து அடைத்துவிட்டன. ஆள் திரட்டி வரச் சில ஆண்கள் பாறையைப் பற்றி ஏறிப் போனார்கள். பெண்களும் பிள்ளைகளும் ஏறக்கூடிய பாறை அது இல்லை.

வெயில் இறங்கவில்லை. பாறைச் சுவர் அடுப்பு மாதிரி அனலைத் திருப்பி அடித்தது. கொண்டுவந்த இளநீர் எல்லார் வள்ளத்திலும் தீர்ந்தது. பக்கத்து வள்ளம் ஒரு கல்யாண வள்ளம். பட்டுப்புடவையும் பூவுமாக மணப்பெண் நடுவில் உட்கார்ந்திருந்தாள், நெற்றிப்பொட்டு வியர்வையில் கரைந்து மூக்கில் இறங்கியது. அவளுக்குப் பக்கத்தில் ஒரு கைக்குழந்தை அழுது அழுது சத்தமே இல்லாமல் வாயைத் திறந்து மூடியது. ஒரு பெண் குனிந்து கால்வாய்த் தண்ணீரைச் சிரட்டையில் கோரினாள்.

"அய்யோ! கொடுக்காதே!"

சத்யபாமா போட்ட கூச்சலில் அந்தச் சிரட்டை தண்ணீரிலேயே விழுந்துவிட்டது. அடுத்த நிமிஷம் அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பானையோடு கல்யாண வள்ளத்துக்குத் தாண்டியிருந்தாள். குழந்தைக்குச் சொட்டுச் சொட்டாக ஊற்றினாள். அது முதலில் துப்பியது. பிறகு அவளுடைய விரலையே பிடித்துச் சப்பியது. அதைப் பார்த்ததும் முன்னாலும் பின்னாலும் உள்ள வள்ளங்களிலிருந்து குரல் எழுந்தது. "சேச்சீ, இத்திரி வெள்ளம்!" "அம்மா, எனக்க பிள்ளைக்கும்!"

"பிள்ளைகளுக்கு மட்டும்! பெரியவங்க கொஞ்சம் பொறுங்க!"

இரண்டு பானை பிள்ளைகளுக்கே தீர்ந்துவிட்டது. தாணுமாலயன் மெதுவாகச் சொன்னார்: "பாமா, கடைசிப் பானையும் போச்சுன்னா நமக்கு?"

அவள் பாறையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். துரப்பு வாசலுக்குச் சற்று இப்பால், ஒரு ஆள் உயரத்துக்கு மேலே, அந்தச் செம்பாறையில் ஒரு இடம் மட்டும் பச்சையாக இருந்தது. பாசியும் பன்னைச் செடியுமாக அடர்ந்து, அதன் நுனியில் ஏதோ மின்னியது. மின்னி விழுந்தது. மறுபடி மின்னியது.

"எலே குட்டப்பா, வள்ளத்தப் பாறைக்க பக்கத்துல ஒட்டு!"

ஊற்றுதான். பாறையின் வெடிப்பிலிருந்து கசிந்து, செடிகளுக்குள் ஒளிந்து, யாருக்கும் பயனில்லாமல் கால்வாயில் போய்க்கொண்டிருந்தது. எட்டவில்லை. வள்ளத்தின் மிதிபலகையைச் சாய்த்து வைத்தால் ஏறலாம். ஆனால் ஆடும் வள்ளத்தில் பலகையை இரண்டு பேர் இரண்டு பக்கமும் அமுக்கிப் பிடிக்க வேண்டும். குட்டப்பனும் அவனுடைய ஆளும் வள்ளத்தைப் பாறையோடு சேர்த்து நிறுத்தக் கழுக்கோலில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். மிச்சம் இருந்தது இரண்டே ஆண்கள்.

"வாங்க ரெண்டுபேரும்" என்றாள் சத்யபாமா.

இருவரும் வந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பிடித்தார்கள். அவள் பாதி ஏறியதும் வள்ளம் ஒரு ஆட்டம் ஆடியது. தாணுமாலயனின் மெலிந்த கையிலிருந்து பலகை சறுக்கியது.

"அண்ணாச்சி, விடாதிங்கோ! தோளக் கொடுங்கோ!" என்று கத்தினான் கிருஷ்ணன்குட்டி.

"கொடுத்தாச்சுடே! நீ உனக்க பக்கத்தப் பிடி!"

கீழே கார்த்தியாயினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்த இரண்டு வீட்டு ஆண்களும் பேசிய முதல் பேச்சு அது.

மேலே சத்யபாமா பாசியைப் பிய்த்தெறிந்தாள். விரலை வெடிப்புக்குள் விட்டுச் சேற்றை நோண்டினாள். நகம் பிய்ந்தது. பிறகு ஒரு கட்டி மண் பெயர்ந்து விழ, பின்னாலேயே தண்ணீர் ஒரு விரல் கனத்துக்குக் குதித்து வந்து அவள் முகத்தில் அடித்தது. குளிர்ச்சி! ஐஸ் மாதிரி இருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். காய்ந்த தென்னம்பாளை ஒன்றைக் கார்த்தியாயினி எட்டிக் கொடுத்தாள். அதை ஓடை போல வெடிப்பில் செருகியதும் தண்ணீர் நேராக வள்ளத்துப் பானைக்குள் விழ ஆரம்பித்தது. கால்வாய் முழுக்கக் கூவல் எழுந்தது.

கல்யாண வள்ளத்துக் காரணவர், பெண் வீட்டுப் பெரியவர், பித்தளைச் செம்பை நீட்டிக்கொண்டு முதல் ஆளாக வந்தார்.

"காய்ச்சாம ஒரு துள்ளி தரமாட்டேன்" என்றாள் சத்யபாமா.

"பாறையில் நின்னு வருந்ந வெள்ளத்தினு எந்தா தோஷம்? தொண்டை பொட்டுந்நு, பெண்ணே!"

"தோஷம் இருக்கோ இல்லியோ, எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. உங்க வீட்டுப் பொண்ணு இன்னைக்குத் தாலி கெட்டப் போறவ. பந்தல்ல வாந்தி எடுக்கணுமா? கல்யாணச் சமையலுக்குக் கொண்டு போற பெரிய வார்ப்பு இருக்கில்லா, அதத் தாருங்க. கொதிச்சதும் முதல் செம்பு உங்களுக்குத்தான்."

கிழவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு திரும்பி, "வார்ப்பு எடுக்கடா!" என்று சத்தம் போட்டார்.

துரப்பு வாசலுக்குப் பக்கத்தில் வள்ளக்காரர்கள் இறங்கி நிற்க ஒரு கல்தளம் இருந்தது. அதில் மூன்று கல்லை வைத்து வார்ப்பை ஏற்றினார்கள். வள்ளத்துக்கு வள்ளம் காய்ந்த மட்டையும் பாளையும் கைமாறி வந்தன. கொதித்ததைப் பானைகளில் ஊற்றி, ஈரத்துணி சுற்றி, நிழலில் வைத்து ஆற்றினார்கள். மணப்பெண் தானே எழுந்து வந்து, பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு விசிறினாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. ஆறின பானை ஒவ்வொன்றாக வள்ளத்திலிருந்து வள்ளத்துக்குப் போயிற்று. காலிப் பானை திரும்பி வந்தது. கொடுத்த வாக்குப்படி முதல் செம்பு காரணவருக்கு. அவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "அம்ருது" என்றார். தாணுமாலயனும் கிருஷ்ணன்குட்டியும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரியோடு கரியாக நின்று அடுப்பில் விறகைத் தள்ளினார்கள். எந்தக் கட்டை முதலில் எரியும் என்பதில் இருவருக்கும் பலத்த கருத்து வேறுபாடு.

வெயில் சாயும் நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு பெரிய சத்தம் வந்தது. மாட்டிய வள்ளம் கழன்றுவிட்டது. வரிசை அசைந்தது. முன்னால் நின்றவர்கள் தாமாகவே கழுக்கோலை ஊன்றி ஒதுங்கினார்கள்.

"வெள்ளம் தந்த சேச்சியுடெ வள்ளம் ஆத்யம் போகட்டே!"

குட்டப்பன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இரண்டு பக்கமும் பார்த்தபடி வள்ளத்தைத் தள்ளினான். கறுத்த வாய் அவர்களை விழுங்கியது. குளிர்ந்த காற்று. மேலே வவ்வால்கள் சிறகடித்தன. விளக்கு வெளிச்சத்தில் ஈரச் சுவர் பளபளத்தது. தொலைவில் ஒரு பொட்டு அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. சத்யபாமா வள்ளத்தின் முன்தலையில் நின்று, வாயில் இரண்டு கையையும் குவித்து, வயிற்றிலிருந்து ஒரு கூவல் போட்டாள்.

மலை அதைத் திருப்பிச் சொன்னது. பின்னால் வந்த வள்ளங்கள் எல்லாம் சேர்ந்து கூவின. கல்யாண வள்ளத்திலிருந்து குரவை ஒலி எழுந்தது. அவளுடைய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. இருட்டில் யாரும் பார்க்கவில்லை, பார்த்திருந்தாலும் அவளுக்கு வெட்கமில்லை.

கல்யாணம் பரவூரில். முகூர்த்தம் ராத்திரிதான், தப்பவில்லை. கொல்லயில்காரர்களை விடவே மாட்டோம் என்று காரணவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் முதல் பந்தியில் உட்கார வைத்தார். இலை போட்டானதும் அவர் ஆசையாகக் கேட்டார்: "நிங்ஙள் தமிழரோ, மலையாளிகளோ?"

"தமிழர்" என்றார் தாணுமாலயன்.

"மலையாளிகள்" என்றான் கிருஷ்ணன்குட்டி அதே மூச்சில்.

இரண்டு பேரும் இலையை விட்டுவிட்டு ஒருவரை நோக்கி ஒருவர் திரும்பி உட்கார்ந்தார்கள். தாலுகா, தீர்மானம், ஜனத்தொகை என்று சத்தம் பந்தலைத் தூக்கியது. சத்யபாமா அடைப்பிரதமனை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் ஒரு கரண்டி கேட்டாள்.

மறு வருஷம் எல்லை பிரிந்தது. விளவங்கோடு மதராஸ் பக்கம் போயிற்று. நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் கொல்லயிலும் கேரளத்துப் பக்கமே நின்றன. தாணுமாலயன் அன்றைக்குக் கடையைத் திறக்கவில்லை. சாயங்காலம் கிருஷ்ணன்குட்டி வந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றான். இருவரும் ஆற்றுக்குக் குளிக்கப் போனார்கள்.

சத்யபாமாவுக்கு அப்போது வேறு யோசனை. கொல்லத்துக்கு அப்பாலும் காயல் இருக்கிறதாம், ஆலப்புழைவரை நீளமாகப் போகிறதாம். அடுத்த கோடைக்கு வள்ளம் பேசச் சொல்லிக் குட்டப்பனுக்கு ஆள் அனுப்பினாள். செய்தி ஊரில் பரவியதும், தானும் வருகிறேன் என்று பெண்கள் ஒவ்வொருவராக வந்து முற்றத்தில் நின்றார்கள். அந்தத் தடவை இரண்டு வள்ளம் பேச வேண்டியதாயிற்று.