அறுபத்தொன்றாவது ட்ரே

போன வாரம் எங்கள் ஆபீஸில் இன்டர்வியூ எடுத்தேன். ஆமாம், நான்தான், காலம் அந்த அளவுக்குக் கெட்டுவிட்டது. வரிசையாக எண்கள் கொடுத்து, 'இங்கிருந்து அங்கே வரை கூட்டினால் எவ்வளவு?' என்று ஆயிரம் தடவை கேட்கும் கணக்கு. வந்திருந்த பெண் ஒவ்வோர் எண்ணுக்கும் கீழே அதுவரையான மொத்தத்தை முதலிலேயே எழுதிக்கொண்டாள். பிறகு கடைசி மொத்தத்திலிருந்து தொடக்க இடத்து மொத்தத்தைக் கழித்தாள். அதற்கு முந்தைய இடத்தைக் கழித்திருக்க வேண்டும். அந்தச் சின்னப் பிழையைப் பார்த்ததும் ஏசி அறையில் எனக்கு இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பின் எண்ணெய் வாடை அடித்தது.

ஒரு காலத்தில் என் இன்டர்வியூவில் இதே கேள்வியில் தோற்றுத்தான் நான் கும்மிடிப்பூண்டிக்கே போனேன். பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவன், ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து கூட்டிக்கொண்டிருந்தேன். கேட்டவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தினமும் மீஞ்சூரில் ரயிலேறி, இரும்பு பிராக்கெட் அடிக்கும் கம்பெனிக்கு. எந்த ட்ரேயில் எத்தனை ரிஜெக்ட், அதாவது பழுதென்று ஒதுக்கிய பீஸ், என்று கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை. ரயிலில் ஐ.டி. என்று சொல்லிக்கொள்வேன். கம்ப்யூட்டர் இருந்ததே!

மேனேஜர் போன் போட்டு, "நாப்பதாம் ட்ரேலேர்ந்து அம்பத்தஞ்சு வரைக்கும் எத்தினி?" என்பார். நான் கால்குலேட்டரைத் தட்டுவேன். ஒருநாள் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்த கலா, என்னைவிட ஒரு வயது சின்னவள், பார்த்துச் சிரித்தாள்.

"இன்னா சார், எப்பப் பாத்தாலும் கூட்டிக்கினே கீறீங்க?"

அவள் நோட்டின் ஓரத்தில், ஒவ்வொரு ட்ரேக்கும் நேராக, அதுவரையான மொத்த ரிஜெக்ட். ஒரே கழித்தல், விடை வந்துவிட்டது. நான் அந்த ஓரத்தை அப்படியே எக்செலில் ஏற்றி, மேனேஜரிடம் 'என் சிஸ்டம்' என்று காட்டினேன். பாராட்டினார். வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வாரமே ரிஜெக்ட் எகிறியது. எந்த ஷிஃப்ட் என்று கேட்டார் மேனேஜர். முதல் ஷிஃப்ட் அறுபது ட்ரே, இரண்டாவது அறுபத்தொன்றிலிருந்து நூற்றிருபது. நான் நூற்றிருபதின் மொத்தத்தில் அறுபத்தொன்றின் மொத்தத்தைக் கழித்து இரண்டாவதற்குக் கொடுத்தேன். மீதி முழுவதும் முதல் ஷிஃப்டின் தலையில். அந்த ஷிஃப்ட் ஆபரேட்டர் தேவா, கான்ட்ராக்ட் ஆள். அரை மணி நேரத்தில் அவரை கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள்.

கலா என் ஷீட்டையும் தன் நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"அறுவத்தொண்ணு ரெண்டாவது ஷிஃப்ட்டாச்சே. தேவாண்ணன் கணக்குல எப்டி சார் வந்துச்சி?"

பிரஸ்ஸில் டை என்கிற அச்சை மாற்றியதும் இரண்டாவது ஷிஃப்ட் அடித்த முதல் ட்ரே அது. டை சரியாக உட்காரவில்லை. பாதிக்கு மேல் விரிசல்.

"நீயே போய்ச் சொல்லிடேன்," என்றேன், வீரனைப் போல.

"தப்பு யாருது?"

போனேன். ஃபார்முலா தப்பு என்றேன். "நீ பி.இ. தானே?" என்றார் மேனேஜர். "உன் சிஸ்டம்னு சொன்னே?"

"சிஸ்டம் கலாவோடது சார். தப்பு மட்டும்தான் என்னோடது."

அந்த கம்பெனியில் நான் சொன்ன ஒரே உருப்படியான வாக்கியம் அதுதான். தேவாவைக் கூப்பிட நானே கேட்டுக்கு ஓடினேன். டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு ட்ரேல எம்பொழப்பு போயிருக்கும் சார்," என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இன்டர்வியூக்கு வந்த பெண்ணுக்கு வேலை கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை, சும்மா ரயிலேறி கும்மிடிப்பூண்டிக்குப் போனேன். கம்பெனி இப்போது குடோன். பிரஸ்கள் நின்ற இடத்தில் கூரை வரை அட்டைப்பெட்டிகள். கலா எங்கே, தேவா எங்கே, தெரியாது. அங்கே அந்தக் காலத்தில் பிரஸ் சத்தத்தில் கேட்டருகே நின்றுகூட ஒருவர் காதில் ஒருவர் கத்தினால்தான் பேச்சு. இப்போது செக்யூரிட்டி நாற்காலியை விட்டு எழாமல், மெதுவாகத்தான் கேட்டார். ஒரு எழுத்து விடாமல் காதில் விழுந்தது.

"யாரப் பாக்கணும் சார்?"