மகளின் அறையில் சௌனா

திருப்பூரில் வேர்ப்பதற்கென்றே தனியாக ஓர் அறை கட்டிய குடும்பம் எங்களுடையது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. பங்குனி பிறந்துவிட்டால் அயர்ன் டேபிளில் நிற்கிறவர்கள் போட்டிருக்கிற பனியனைப் பிழிந்து காயப்போட்டு, மறுபடி போட்டுக்கொள்கிற ஊர் இது. இந்த ஊரில், வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கிய கையோடு, பெட்டியைக்கூடத் திறக்காமல், என் வீட்டுக்காரர் சொன்னார்: "ஊட்டுக்குள்ளயே ஒரு சௌனா கட்டோணும்."

சௌனா என்றால் வேறொன்றுமில்லை. சுற்றிலும் மரப்பலகை அடித்த சின்ன அறை. மூலையில் கரண்ட் அடுப்பு, அதன்மேல் கருங்கல். கல் சூடேறியதும் தண்ணீரைத் தெளித்து, கதவைச் சாத்திக்கொண்டு, துண்டோடு உட்கார்ந்து வேர்த்து வடிய வேண்டும். குளிர் தேசத்துக்காரன் செய்கிறான், அவனுக்கு வேறு கதி இல்லை. இவரை அங்கே எங்களிடம் பனியன் வாங்குகிற பையர் கூட்டிப் போய் உட்கார வைத்திருக்கிறான்.

"அதுக்குள்ள உக்காந்துதான் ஆர்டரே பேசுனோம். அவுங்க இங்க வர்றப்ப நம்மூட்ல ஒரு சௌனா இருந்தா, அந்த மதிப்பே வேற."

"அவுங்க இங்க வந்தா ஏசியத்தானுங்க தேடுவாங்க. பல்லடம் ரோட்டுல மத்தியானம் சித்தெ நிக்க வையுங்க, அதே போதும்" என்றேன். அவர் முகம் சுருங்கியது. அந்த மனிதருக்கு எதைச் சொன்னாலும் உறைக்காது, கேலி செய்தால் மட்டும் உடனே உறைக்கும்.

நாங்கள் இருப்பது வீரபாண்டிப் பக்கம். கீழே கம்பெனி, மேலே வீடு. கம்பெனியில் செக்கிங் என் பொறுப்பு. ஓட்டை, கறை, தையல் விட்டது என்று ஒரு பனியன்கூட என் மேஜையைத் தாண்டிப் போகாது. அங்கே நான் வேண்டாம் என்று தள்ளிவிட்டால் அவரே வாயைத் திறக்கமாட்டார். மாடிப்படி ஏறிவிட்டால் என் பேச்சுக்குச் சல்லிக்காசு மதிப்பில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காப்பியோடு அவரைத் தேடினால், மகளின் அறையில் முட்டி போட்டுக்கொண்டிருந்தார். கழுத்தில் இஞ்ச் டேப், கையில் கட்டிங் டேபிளில் துணிக்குக் கோடு போடுகிற சாக்பீஸ். தரையில் பெஞ்சுக்கு ஒரு கட்டம், அடுப்புக்கு ஒரு கட்டம், கதவுக்கு ஒரு வளைவு. மகளின் கட்டில் சுவரோரம் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது.

"இது பாப்பா ரூமுங்க."

"பாப்பாவுக்குத்தான் கல்யாணம் ஆயிருச்சல்ல. இங்க பாத்ரூம் ஒட்டியே இருக்குது, த்ரீபேஸ் லைனும் பக்கத்துல வருது. இதுதான் தோது."

மகளைப் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோப்புக்காரக் குடும்பத்தில் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை கை நீட்டுகிறவன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்: அடிப்பான். கன்னம் வீங்கிப்போய்ப் பையோடு அவள் வந்து நின்றபோதெல்லாம், இவர் மறுநாளே காரில் ஏற்றி, வழியில் ஆப்பிளும் மல்லிகைப்பூவும் வாங்கிக்கொண்டு, அந்த வீட்டிலேயே இறக்கிவிட்டு வருவார். "பொறுத்துப் போ சாமி, போகப் போகச் சரியாயிரும்" என்பார். நான் கத்துவேன், அழுவேன், கார் போய்விடும். ஆனாலும் ஒரு ராத்திரியாவது அவள் அந்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவாள். அந்த ஒரு ராத்திரிக்காகவே போர்வையை மடித்து வைத்திருப்பேன்.

"கெஸ்ட் ரூம் சும்மாதான கெடக்குது. அங்க கட்டுங்க."

"ஒறம்பரை வந்தா எங்க படுப்பாங்க?"

"அவ வந்தா எங்க படுப்பா?"

சாக்பீஸைக் கீழே வைத்தார். "ரூமு இருக்கறதுனாலதான் அவ வந்துட்டே இருக்கறா. போக்கிடம் இல்லைன்னாத்தான் அங்க பொழைக்கப் பழகுவா."

பெற்ற மகளுக்குப் போக்கிடம் இருக்கக்கூடாதென்று இஞ்ச் டேப் வைத்து அளக்கிறான் ஒரு தகப்பன். பையர், ஆர்டர், மதிப்பு எல்லாம் மேல்பூச்சுத்தான். "நீங்கெல்லாம் ஒரு மனுசனா?" என்று கேட்டேன். அப்படி ஒரு வார்த்தை அதுவரை என் வாயிலிருந்து வந்ததில்லை.

"கத்தாத புள்ள. கீழ லேபர் இருக்குது" என்றார். அவருக்கு அந்தக் கவலை.

கோயமுத்தூரிலிருந்து ஒரு காண்ட்ராக்டர் வந்தான். வேலை தெரிந்த ஆள்தான், திமிரும் கொஞ்சம் இருந்தது. கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், தாழ்ப்பாளே கூடாது என்றான். பலகைக்குப் பின்னால் அலுமினியத் தாள், அதற்கும் பின்னால், சூடு சுவருக்குப் போகாமல் இருக்க, கல்லை உருக்கிப் பஞ்சாக இழைத்த ஒரு சரக்கு அடைக்க வேண்டும் என்றான். அதற்கென்று தனியாக ஒரு விலை சொன்னான்.

என் வீட்டுக்காரர் கலகலவென்று சிரித்தார். "திருப்பூருக்கு வந்து எங்கிட்டயே பஞ்சு விக்கறீங்களா?"

எங்கள் ஊர்க்காரனுக்கு மட்டும்தான் இந்தப் புத்தி வரும். பனியன் வெட்டும்போது விழுகிற துண்டுத் துணியைக் கட்டிங் வேஸ்ட் என்போம். அதில் ஒரு பிடிகூட எங்கள் ஊரில் குப்பைக்குப் போகாது. மெஷின் துடைக்க, தலையணையில் திணிக்க, நூலாகத் திரும்ப இழைக்க என்று எல்லாவற்றுக்கும் அதுதான். குடோன் நிறைய அது கிடக்கும்போது காசு கொடுத்து வேறு பஞ்சு வாங்குவது அவருக்கு மானக்கேடு. மூட்டை மூட்டையாக மேலே ஏற்றச் சொன்னார். காண்ட்ராக்டர், "அப்ப நான் பொறுப்பில்லீங்க" என்று சொல்லிவிட்டு, அளவெடுத்த தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போனான். மீதி வேலையைக் கம்பெனித் தச்சரும் எலக்ட்ரீஷியனும் பார்த்தார்கள்.

"வெயில் காலமானா எங்கியாச்சும் ஒரு வேஸ்ட் குடோன் எரியறது உங்களுக்குத் தெரியாதுங்களா? அதையவே அடுப்புக்குப் பின்னால வச்சுத் திணிக்கறீங்களே!" ஆட்கள் எல்லோருக்கும் முன்னாலேயே கேட்டேன்.

"நீ செக்கிங்கப் பாரு."

இடையில் என் அண்ணன் வீட்டுச் சீருக்காகக் குண்டடம் போக வேண்டியிருந்தது. இவர் வரவில்லை, வேலை கெட்டுவிடுமாம். சாயங்காலம் திரும்பி வந்து பார்த்தால், மகள் உட்கார்ந்து படிக்கிற ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். அவளுடைய புத்தகமும் துணிமணியும் அட்டைப் பெட்டிகளில் மொட்டைமாடி வெயிலில் கிடந்தன. ஒவ்வொரு பெட்டியாக நானே தூக்கி வந்து எங்கள் படுக்கையறையில், அவர் கால் வைக்கிற பக்கமாகவே அடுக்கினேன். தடுக்கி விழட்டும் என்றுதான் அடுக்கினேன்.

மகளிடம் போனில் இதையெல்லாம் சொல்லவில்லை. எப்படியாவது நிறுத்திவிடலாம் என்ற நப்பாசை. அவளும் எது கேட்டாலும், "நல்லா இருக்கறனுங்கம்மா" என்பதோடு சரி. முன்பெல்லாம் பேச்சு நடுவில் அழுவாள். இப்போது அழுவதில்லை. மாப்பிள்ளை திருந்திவிட்டானோ என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். என் புத்தியை என்ன சொல்ல!

திறப்பு விழாவுக்குக் குறைச்சலே இல்லை. வாசலில் எலுமிச்சம்பழம் கட்டி, பூசணிக்காய் சுற்றி உடைத்து, கருங்கல்லுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துச் சூடம் காட்டினார். இன்னொரு கம்பெனி வைத்திருக்கிற பங்காளி ஒருவரும் வந்திருந்தார். ஏற்றுமதித் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு பேரும் உள்ளே போனார்கள். நான் வெளியே மெயின் சுவிட்ச் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அக்கறையில் இல்லை, அந்த அறையை விட்டுப் போக மனசு வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் வாசம் வந்தது. அயர்ன் பெட்டியைப் பனியன் மேல் மறந்து வைத்தால் வருமே, அதே கருகல் வாசம். எங்கள் ஊர் மூக்குக்கு அது தெரியாமல் போகாது. சட்டென்று மெயினை இறக்கினேன். கதவை இழுத்தால், உள்ளே பங்காளி, "மரவாசம் நல்லா வருதுங்க" என்று கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்தார். அடுப்புக்குப் பின்னால் பலகை இடுக்கிலிருந்து புகை சுருண்டு வந்தது.

"மரவாசமில்லீங்க, மசுரு வாசம்! எந்திரிச்சு ஓடுங்க!"

இரண்டு முதலாளிகளும் துண்டைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி ஓடினார்கள், நேராகத் தையல் லைனுக்குள். மெஷின் எல்லாம் நின்றுவிட்டது. ஆட்கள் குடத்தோடும் கடப்பாரையோடும் மேலே ஏறினார்கள். பலகையைப் பெயர்க்கப் பெயர்க்கக் கருகிய துணித்துண்டுகள் சிவப்பும் நீலமுமாகக் கொத்துக் கொத்தாக விழுந்தன. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம். மறைக்க மாட்டேன்.

மறுநாள் காலையில், கரி பிடித்த அந்த அறையில் நின்றுகொண்டே மகளுக்குப் போன் போட்டேன்.

"கண்ணு, உன்ற ரூம்ல உங்கப்பா சௌனா கட்டுனாரு. எரிஞ்சு போச்சு, நல்லதாப் போச்சு. வெள்ளையடிச்சுக் கட்டலப் போட்டு வைக்கறேன். நீ கெளம்பி வா. இந்தத் தடவை உன்னய எவன் காருல ஏத்தறான்னு பாத்தர்றேன்."

"சௌனா தெரியுங்கம்மா" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"நான் வந்தனுங்க. நீங்க குண்டடம் போயிருந்தீங்க. பையோடதான் வந்தேன். ஜன்னலுக்குச் செங்கல் வச்சுட்டிருந்தாங்க. அப்பா பக்கத்துல நின்னு பாத்துட்டிருந்தாரு."

"உன்னயப் பாத்து என்ன சொன்னாரு?"

"வெயில்ல வந்திருக்கற, மோர் குடிச்சுட்டுப் போ கண்ணுன்னாரு. குடிச்சுட்டு வந்துட்டனுங்க."

அன்றைக்கு இங்கிருந்து பஸ் ஏறியவள் பொள்ளாச்சிக்குப் போகவில்லை. கோயமுத்தூரில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் சேர்ந்துவிட்டாள். ஒரு கடையில் பில் போடுகிற வேலை. நான் மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் அந்த ஹாஸ்டல் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டுதான், "நல்லா இருக்காருங்கம்மா" என்று சொல்லியிருக்கிறாள்.

கீழே இறங்கிப் போனேன். அவர் கட்டிங் டேபிளில் நின்றிருந்தார்.

"பாப்பா வந்தாளா?"

துணியிலிருந்து தலையை எடுக்கவில்லை. "வந்தா."

"அவ பொள்ளாச்சியில இல்லைங்கறது தெரியுமா?"

"சம்பந்தி போன் பண்ணுனாரு. நாலு நாள் வெளிய இருந்து பாத்துட்டுத் தானாத் திரும்பிருவான்னு விட்டுட்டேன். உங்கிட்டச் சொன்னா நீ ஊரக் கூட்டுவ."

அத்தனை பேர் முன்னாலும் ஊரைக் கூட்டினேன். என்ன சொன்னேன் என்று இங்கே எழுதினால் அச்சில் ஏறாது. அன்றிலிருந்து அவருக்குச் சோறு போடுகிறேன், ஷிப்மென்ட் பற்றிக் கேட்டால் பதில் சொல்கிறேன். அவ்வளவுதான்.

வெள்ளையடித்து, செங்கலை உடைத்து, ஜன்னல் வைத்து முடித்த அன்றே கோயமுத்தூர் போனேன். ஒரே அறையில் நாலு பெண்கள். அவள் பங்குக்கு ஒரு கட்டில், அதன் கீழே அந்தப் பை. கட்டிலில் என்னை உட்கார வைத்து, டீ வாங்கி வந்து கொடுத்தாள். முகம் தெளிந்திருந்தது.

"ரூமு ரெடியா இருக்குது சாமி. பூட்டுச் சாவிய உன்ற கையிலயே குடுத்தர்றேன். வா, நம்மூட்டுக்குப் போலாம்."

"வேண்டாங்கம்மா" என்றாள். "இங்க மாசமானா வாடகை குடுத்தர்றேன். எப்பக் கெளம்பறேன்னு யாரும் கேக்கறதில்லீங்க."