காவலுக்கு ஒரு ஆள்

ஆலங்காயத்திலிருந்து மலைக்கு ஏறும் ரோட்டில் தனியார் குடிமறப்பு இல்லம் ஒன்று இருக்கிறது. பெயர்தான் இல்லம். அந்தக் கம்பிக் கதவுக்கும் மதிலுக்கும் முன்னால் ஜெயில் தோற்றுப்போகும். அங்கே பால் ஊற்றுகிறவன் நான். அடுத்தவர் சங்கதி நமக்கெதற்கு என்று இருக்க எனக்குத் தெரியாது.

முன்பு மூன்று காவலாளிகள் இருந்தார்கள். சம்பளம் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்குமே சரியாகப் போனதால் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். மிஞ்சியவன் ஜவ்வாது மலைக்காரன் தசரதன். முதலாளி புது ஆள் போடவில்லை. சாயங்காலமானால் வெளியே பூட்டிச் சாவியைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போனார். நாற்பது நோயாளிகளோடு காவலாளியும் உள்ளே கிடப்பான்.

தை மாதம் ஒருநாள், முதலாளி பூட்டிப் போன கொஞ்ச நேரத்தில் தசரதனுக்கு போன் வந்தது. மனைவி திரௌபதிக்குப் பிரசவ வலி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். முதல் பிள்ளை பிறந்ததுமே போய்விட்டது. அந்தப் பயத்தில் முதலாளிக்குத் திரும்பத் திரும்ப அடித்தான். அவர் எடுக்கவில்லை.

நோயாளிகளில் பழனி என்றொருவன். மதில் ஏறிக் குதித்து தசரதனிடம் பிடிபட்டவன். எங்கே கால் வைத்து ஏறலாம் என்பது அவனுக்குத்தான் தெரியும். அவனே தோள் கொடுத்தான்.

"உன் காக்கியக் குடுத்துட்டு என் சட்டையப் போட்டுக்கினு போண்ணா. நான் பாத்துக்கறேன்."

காலையில் பாலோடு போனால் காக்கிச் சட்டையில் பழனி நிற்கிறான். பூட்டைத் திறந்த முதலாளி, ராத்திரி ஏதும் தகராறு உண்டா என்று அவனையே கேட்டார். இல்லை என்றதும் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

நீ ஏன் ஓடவில்லை என்று பழனியைக் கேட்டேன்.

"தசரதண்ணன் யார் மேலயும் கை நீட்டாத ஆளு. அவரு வேல போய்ட்டா, அடுத்து வர்றவன் எப்டி இருப்பானோ."

காலி கேனை எடுக்க மதியம் போனபோது தசரதன் லட்டுப் பொட்டலத்தோடு வந்து நின்றான். பெண் குழந்தை, தாயும் நலம். முதலாளி அவனையும் பழனியையும் மாறி மாறிப் பார்த்தார். விஷயம் புரிந்துவிட்டது. திட்டுவார் என்று நினைத்தேன். சிரித்தார்.

"நீ இல்லாமலே எல்லாம் ஒயுங்காதான நடந்துக்குது. அப்புறம் நீ இன்னாத்துக்குப்பா?"

தசரதன் இப்போது மலையில் புளி உலுக்கக் கூலிக்குப் போகிறான். பழனிதான் காவல். சம்பளம் கிடையாது. தேறிவிட்டானே, வீட்டுக்கு அனுப்பினால் என்ன என்று முதலாளியைக் கேட்டேன். இன்னும் குணமாகவில்லை என்றார்.

நேற்று பழனியின் மனைவி காவியா வந்தாள். காக்கியில் நின்றவனைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. இங்கேயே வேலை கொடுத்துவிட்டார்களா என்று கேட்டாள். பழனி ஆபீஸ் பக்கம் கை காட்டினான். அவள் சிரித்தபடியே ஆபீசுக்குள் போய், அவனை வைத்திருப்பதற்கான அந்த மாதக் கட்டணத்தைக் கட்டினாள்.